உஷார்! முகத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், படத்தின் முதுகைப் பாருங்கள்

1957-ல் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில், ரோமனாஃப்ஸ் உணவகத்தில் இத்தாலிய நடிகை சோஃபியா லோரனை வரவேற்று பாராமவுண்ட் படநிறுவனம் ஒரு விருந்து கொடுத்தது. பக்கத்தில் வந்து அமர்ந்த ஹாலிவுட் நடிகை ஜெய்ன் மான்ஸ்ஃபீல்டை லோரன் ஓரக்கண்ணால் பார்க்கிற படம் அங்கே எடுக்கப்பட்டது. உலகம் முழுக்க அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட நடிகைப் படங்களில் அதுவும் ஒன்று. அந்தப் படத்தில் கையெழுத்துக் கேட்டு ரசிகர்கள் அனுப்பிக்கொண்டே இருப்பதாகவும், தான் ஒருபோதும் போடுவதில்லை என்றும் லோரனே 2014-ல் ஒரு பேட்டியில் சொன்னார். மறைந்துபோன மான்ஸ்ஃபீல்டுக்குத் தரும் மரியாதை என்று காரணமும் சொன்னார்.

ஆகவே, "லோரன் கையெழுத்திட்ட மான்ஸ்ஃபீல்ட் படம், ஒரிஜினல், சான்றிதழுடன்" என்று யாராவது உங்களிடம் விலை சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய இத்தாலிய நடிகைகளின் படங்களைச் சேர்ப்பது அருமையான பொழுதுபோக்கு. ஊமைப்பட காலத்து பிரான்செஸ்கா பெர்தினி, லிடா பொரெல்லி தொடங்கி அன்னா மன்யானி, ஆலிதா வல்லி, சில்வானா மங்கானோ, ஜினா லொல்லோபிரிஜிதா, கிளாடியா கார்டினாலே, மோனிகா விட்டி வரை ஒரு நாட்டின் அரை நூற்றாண்டு வரலாறு அந்த முகங்களில் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சந்தையில் போலிகள் இவ்வளவு தைரியமாக உலவுவதைப் பார்க்கப் பதறுகிறது. மோனிகா விட்டி 2022 பிப்ரவரியில் மறைந்தார். லொல்லோபிரிஜிதா 2023 ஜனவரியில் மறைந்தார். கார்டினாலே 2025 செப்டம்பரில் மறைந்தார். இப்படி ஒரு செய்தி வந்ததும் மனம் இளகிப்போய், உடனே ஒரு படமாவது வாங்கிவிட வேண்டும் என்று தோன்றும். ஏமாற்றுக்காரன் காத்திருப்பது அந்த வாரத்துக்காகத்தான். துக்கச் செய்தி வந்த மாதத்தில் எதையும் வாங்காதீர்கள்.

எடுத்த ஆண்டு வேறு, பிரதி போட்ட ஆண்டு வேறு

ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஒரு புகைப்படத்துக்கு இரண்டு வயது உண்டு. கேமராவில் எடுத்த ஆண்டு ஒன்று. உங்கள் கையில் இருக்கும் காகிதத்தில் அது பிரதியான ஆண்டு இன்னொன்று. விற்பவர் முதல் ஆண்டை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார். விலையைத் தீர்மானிப்பது இரண்டாவது ஆண்டு.

இயக்குநர் ஃபெல்லினியின் "எட்டரை", இயக்குநர் விஸ்கோன்டியின் "இல் கத்தோபார்தோ" இரண்டுமே 1963-ல் வந்தவை. இரண்டிலும் கார்டினாலே நடித்தார். அந்தப் படங்களின் ஸ்டில் ஒன்று 1963-லேயே பத்திரிகைகளுக்காகப் பிரதி எடுக்கப்பட்டிருக்கலாம். பின்னாளில் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக எடுக்கப்பட்டிருக்கலாம். போன மாதம் யாரோ வீட்டுப் பிரிண்டரில் எடுத்ததாகவும் இருக்கலாம். கைபேசித் திரையில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பத்திரிகைப் படங்களைச் சேர்ப்பவர்கள் இதற்காகவே நான்கு வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். மூல நெகட்டிவிலிருந்து, எடுத்த காலத்தை ஒட்டி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குள் போட்ட பிரதி முதல் வகை. மூல நெகட்டிவ்தான், ஆனால் பிற்காலப் பிரதி என்றால் இரண்டாம் வகை. நகல் நெகட்டிவிலிருந்தோ தந்தி வழியாக வந்த படத்திலிருந்தோ அந்தக் காலத்திலேயே போட்டது மூன்றாம் வகை. நகலிலிருந்து பிற்காலத்தில் போட்டது நான்காம் வகை. நான்காம் வகையை வாங்குவதில் தவறே இல்லை, அதற்குரிய விலையில் வாங்கினால். நான்காம் வகையை முதல் வகையின் விலைக்கு வாங்குவதுதான் கொள்ளை போவது.

அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பிரதி எந்த ஆண்டு போட்டது? எப்படித் தெரியும்?" பதில் சுற்றி வளைத்து வந்தால் விலகிவிடுங்கள்.

முதுகைக் காட்டாதவரிடம் பேச்சே வேண்டாம்

படத்தின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்துவிடலாம். வாழ்ந்த கதை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. புகைப்படக்காரரின் ரப்பர் முத்திரை, படக்கம்பெனியின் பெயர், தட்டச்சு செய்து ஒட்டிய விவரச் சீட்டு, பத்திரிகை அலுவலகத்தில் விழுந்த தேதி முத்திரை, அச்சுக்கு அனுப்பும்போது பென்சிலில் எழுதிய அளவுக் குறிப்பு எல்லாம் அங்கேதான் கிடைக்கும். இத்தாலியில் பெரும்பாலும் 13×18 அல்லது 18×24 சென்டிமீட்டர் அளவில் பிரதி போட்டார்கள். அமெரிக்க ஸ்டூடியோக்களின் விளம்பரப் படங்கள் 8×10 அங்குலம். ரோமில் எடுத்து ரோமிலேயே பிரதி போட்டதாகச் சொல்லும் படம் அமெரிக்க அளவில் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் அதை அவர் சொல்லியாக வேண்டும்.

முத்திரை இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. ரப்பர் முத்திரை செய்ய ஒரு மணி நேரம் போதும். பாப்பராஸி என்றதும் நினைவுக்கு வரும் தாட்ஸியோ செக்கியாரோலி பின்னாளில் லோரனுக்கே சொந்தப் புகைப்படக்காரராக இருந்தவர். ஆர்த்துரோ கெர்கோவும் எலியோ லுக்ஸார்தோவும் ஒளியால் முகத்தைச் செதுக்கிய புகைப்படக்காரர்கள். இவர்கள் பெயர் பின்னால் விழுந்தால் விலை பல மடங்கு ஏறும், அதனால் போலி முத்திரை விழுவதும் இவர்கள் பெயரில்தான். முத்திரையையும் காகிதத்தையும் ஒத்துப் பாருங்கள். கெர்கோ 1959-லும் லுக்ஸார்தோ 1969-லும் மறைந்தார்கள். பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழுவழுக்கும் ஆர்.சி. பேப்பர் கருப்பு வெள்ளைப் பிரதிகளுக்குப் பரவலாக வந்தது 1970-களில். அந்தக் காகிதத்தில் இவர்கள் தங்கள் கையால் போட்ட பிரதி என்று ஒன்று இருக்கவே முடியாது.

சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, பின்னால் அட்டை ஒட்டி விற்கும் படங்களில் மும்மடங்கு எச்சரிக்கை வேண்டும். "சட்டத்தைக் கழற்றினால் படம் கெட்டுவிடும்" என்று சொன்னால், பார்க்க முடியாத பொருளுக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

லென்ஸும் கள்ளநோட்டு விளக்கும்

இரண்டு கருவிகள் போதும். இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

முதலாவது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கன்னம், நெற்றி போன்ற இளம் சாம்பல் பகுதியில் வைத்துப் பாருங்கள். வெள்ளி உப்பில் உருவான உண்மையான புகைப்படத்தில் நிறம் தொடர்ச்சியாக இழையும். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் வந்தது. சிதறிய வண்ணத் துளிகள் தெரிந்தால் இங்க்ஜெட் பிரிண்டர். "ஒஜ்ஜி", "எப்போகா" போன்ற இத்தாலிய வார இதழ்களின் பக்கங்களையும், 1940-களின் கடைசியில் தொடங்கிய "சோன்யோ", "கிராண்ட் ஹோட்டல்" போன்ற படக்கதை இதழ்களின் பக்கங்களையும் வெட்டி, அட்டையில் ஒட்டி, புகைப்படம் என்று விற்பவர்கள் உண்டு. லென்ஸ் ஒரு நொடியில் அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு விதிவிலக்கையும் நினைவில் வையுங்கள். திரையரங்கு வாசலில் மாட்டிய "ஃபோட்டோபுஸ்தா" என்னும் பெரிய விளம்பர அட்டைகள் அச்சு இயந்திரத்தில் வந்தவையே. அவற்றில் புள்ளி இருப்பது இயல்பு. அவற்றில் கவனிக்க வேண்டியது வேறு: படம் மறுபடி வெளியானபோது புதிதாக அடித்த அட்டையா, முதல் வெளியீட்டு அட்டையா என்பது.

இரண்டாவது கருவி, கடைக்காரர்கள் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா டார்ச். 1950-களின் நடுவிலிருந்து புகைப்படக் காகிதங்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். இருட்டில் இந்த விளக்கை அடித்தால் அப்படிப்பட்ட காகிதம் நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். 1915-ல் வந்த "அசுந்தா ஸ்பீனா" காலத்து பெர்தினி படம் என்று சொல்வது அப்படி ஒளிர்ந்தால், கதை முடிந்தது. லிடா பொரெல்லி 1918-ல் திருமணம் செய்துகொண்டு திரையை விட்டே விலகிவிட்டார். அவர் நடித்துக்கொண்டிருந்த காலத்து அஞ்சலட்டை ஒருபோதும் அப்படி ஒளிரக் கூடாது.

இந்தச் சோதனை விளையாட்டல்ல. 1940-ல் மறைந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைனின் காலத்துப் பிரதிகள் என்று நம்பிப் பெரிய சேகரிப்பாளர்களும் பெரிய விலை கொடுத்து வாங்கிய படங்கள், 1990-களின் கடைசியில் இந்த ரசாயனத்தால்தான் பிடிபட்டன. கலைச் சந்தையையே உலுக்கிய விவகாரம் அது.

ஆனால் ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெண்மை கூட்டும் ரசாயனம் இல்லாத காகிதம் இன்றும் கிடைக்கிறது. காலாவதியான பழைய பைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத புகைப்படக் காகிதம்) பெட்டிகளை வாங்கி, கணினியில் நெகட்டிவ் தயாரித்து, இருட்டறையில் பிரதி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் போலி லென்ஸையும் விளக்கையும் தாண்டிவிடும். எனவே ஒரு சோதனையில் தேறியதும் நிம்மதியாகிவிடாமல் அளவு, காகிதம், முத்திரை, விவரச் சீட்டு, விற்பவரின் வரலாறு எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பழைய பிரதிகளின் ஓரங்களில், கருமையான பகுதிகளில், சாய்த்துப் பிடித்தால் நீலச் சாயலில் வெள்ளி மினுமினுப்பு தெரியும். வெள்ளி ஆண்டுக்கணக்கில் மேலெழுந்து வந்த அடையாளம் அது. எல்லாப் பழைய படத்திலும் இருக்காது. இருந்தால் நல்ல சாட்சி. தேநீரில் முக்கிப் பழுப்பாக்கிய படத்தில் கறை ஒரே சீராகப் பரவியிருக்கும். உண்மையான பழமை அப்படிச் சீராக வருவதில்லை.

கையெழுத்து என்றால் பெயரும் தேதியும் பொருந்தட்டும்

கையெழுத்தின் வளைவு நெளிவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னால், வரலாற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு நிபுணர் தேவையில்லை.

லோரனின் இயற்பெயர் சோஃபியா ஷிக்கோலோனே. தொடக்கத்தில் படக்கதை இதழ்களில் சோஃபியா லட்ஸாரோ என்ற பெயரில் வந்தார். லோரன் என்ற பெயர் 1950-களின் தொடக்கத்தில்தான் சூட்டப்பட்டது. "1950, அன்புடன் சோஃபியா லோரன்" என்று இருந்தால் அது அவர் எழுதியதல்ல. கார்டினாலே துனிசில் பிறந்தவர். அங்கே 1957-ல் அழகிப் போட்டியில் வென்ற பிறகுதான் இத்தாலிய சினிமா உலகம் அவரைப் பார்த்தது. அதற்கு முந்தைய தேதியில் "ரோமின் சினெசித்தா ஸ்டூடியோவில் கையெழுத்திட்டார்" என்றால் பொய். மன்யானி 1973 செப்டம்பரில் மறைந்தார். அவர் கையெழுத்து ஆர்.சி. பேப்பரில் இருந்தால் பெரும் சந்தேகம். நடிகை ஜூலியட்டா மசீனா 1994-ல் மறைந்தார். அவர் கையெழுத்து இங்க்ஜெட் பிரதியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஷார்ப்பி மார்க்கர் பேனா 1964-ல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய தேதியிட்ட கையெழுத்து அந்த மையில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

உண்மையான படத்திலும் கையெழுத்து உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ரசிகர் கடிதங்கள் குவிந்த காலத்தில் உதவியாளர்கள் போட்டுக் கொடுத்தது உண்டு, முத்திரையாகக் குத்தியது உண்டு, படத்தோடு சேர்த்தே அச்சடித்தது உண்டு. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பேனா ஓடிய இடத்தில் மையின் தடமும் அழுத்தமும் தெரிய வேண்டும். கையெழுத்தும் படத்தின் பரப்பும் ஒரே மினுமினுப்பில் இருந்தால் அது அச்சு.

சான்றிதழைக் கண்டு மயங்காதீர்கள்

"சான்றிதழ் இருக்கிறதே!" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990-களில் அமெரிக்காவின் எஃப்பிஐ, "ஆபரேஷன் புல்பென்" என்ற பெயரில் கையெழுத்து மோசடிக் கும்பல் ஒன்றைப் பிடித்தது. விளையாட்டு வீரர்கள் மட்டுமல்ல, பிரபலங்களின் கையெழுத்தையும் போட்டுத் தள்ளிய கும்பல் அது. இழப்பு 10 கோடி டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் போலிகளில் ஏராளமானவை சான்றிதழோடுதான் விற்பனையாயின. போலிக் கையெழுத்தைத் தயாரிக்கத் தெரிந்தவனுக்குப் போலிச் சான்றிதழ் தயாரிக்க எவ்வளவு நேரமாகும்?

சான்றிதழ் கொடுத்தவர் யார், விற்பவரே கொடுத்ததா, தவறென்று நிரூபணமானால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளுக்குள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணத்தைத் திரும்பப் பெற வழியில்லாத முறையில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

நெகட்டிவ் வாங்குகிறீர்களா? உயிருக்கே ஆபத்து

மற்ற இடங்களில் போவது பணம் மட்டும். இங்கே வீடே போகலாம். 1950-களின் தொடக்கம் வரை திரைப்படச் சுருள்கள் நைட்ரேட் அடித்தளத்தில் தயாரானவை. பழைய புகைப்பட நெகட்டிவ்களிலும் நைட்ரேட் உண்டு. நைட்ரேட் எரியத் தொடங்கினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் மணல் கொட்டினாலும் அணையாது. மோசமாகச் சிதைந்த நைட்ரேட் சுருள், 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் நீடித்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்.

"பழைய இத்தாலியப் படத்தின் சுருள் துண்டு, மங்கானோ தெரிகிறார், நினைவுப் பொருள்" என்று அழகான பெட்டியில் விற்றால் வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். தேன் நிறத்தில் பழுத்தோ, பிசுபிசுத்தோ, கார நெடி வீசியோ இருந்தால் தொடவே வேண்டாம். விரைவுத் தபாலில் வரவழைப்பதும் தவறு, அது ஆபத்தான சரக்கு. பின்னாளில் வந்த அசிட்டேட் நெகட்டிவ் அப்படித் தீப்பற்றாது. ஆனால் கெடும்போது வினிகர் வாடை வீசும். அந்த ஆவி பக்கத்தில் உள்ள நெகட்டிவ்களையும் கெடுக்கும். வாடை வரும் நெகட்டிவைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

இத்தாலியின் சட்டத்தை மறக்காதீர்கள்

இத்தாலியிலிருந்து நேரடியாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நாட்டின் 2004-ம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம், 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட புகைப்படங்களையும் அவற்றின் நெகட்டிவ்களையும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதற்கு நிபந்தனை விதிக்கிறது. மதிப்புள்ள பிரதியோ மொத்தத் தொகுப்போ வாங்கும்போது, ஏற்றுமதிக்குரிய தாள் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஆவணக் காப்பகத்தின் முத்திரையோ வரிசை எண்ணோ பின்பக்கம் இருந்து, அது சுரண்டி அழிக்கப்பட்டிருந்தால், அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். இத்தாலியில் கராபினியேரி காவல்துறைக்கு 1969-லிருந்தே கலைப்பொருள் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு உண்டு. களவுபோன பொருள்களின் பட்டியலையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: படத்தை வாங்கினால் காகிதம்தான் உங்களுக்குச் சொந்தம். காப்புரிமை புகைப்படக்காரரிடமோ அவர் வாரிசுகளிடமோ இருக்கலாம். வாங்கிய படத்தைக் காலண்டராக அடித்து விற்றுப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இப்போது ஏஐ படங்களும் வந்துவிட்டன

"இதுவரை யாரும் பார்க்காத விட்டி படம், ஒரு பழைய பெட்டியில் கிடைத்தது!" இப்படி ஒரு வரியைப் பார்த்தால் உடனே உஷாராகுங்கள். நடக்காத படப்பிடிப்பை, எடுக்காத புகைப்படத்தை இன்று கணினி உருவாக்கித் தருகிறது. விரல்கள், காதணி, பின்னால் தெரியும் எழுத்துகள், உடையின் பொத்தான்கள் இவற்றைக் கூர்ந்து பாருங்கள். அந்த உடை, அந்த முடி அலங்காரம் எந்தப் படத்தில் வருகிறது என்று தேடுங்கள். உண்மையான ஸ்டில் என்றால் அதே நாளில் எடுத்த வேறு படங்களும் எங்காவது இருக்கும். தொரினோவின் தேசிய சினிமா அருங்காட்சியகம், பொலோன்யாவின் சினெத்தேகா, ரோமின் சென்ட்ரோ ஸ்பெரிமென்தாலே ஆகியவை பெரும் புகைப்படச் சேகரிப்புகளைக் காத்துவருகின்றன. இணையத்தில் அவை காட்டும் படங்களோடு ஒப்பிடுவது கண்ணைப் பழக்கும். நாலு நல்ல படங்களை நெடுநேரம் பார்த்த கண், கெட்ட படத்தை எளிதில் ஏற்காது.

நல்ல படத்தை நாமே கொல்லக் கூடாது

எழுபது ஆண்டு தாக்குப்பிடித்த படத்தை ஒரே மழைக்காலத்தில் அழித்துவிட நம்மால் முடியும். பசை தடவிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டும் ஆல்பத்தில் வைக்காதீர்கள். படம் திரும்ப வராது. பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது. செலோ டேப் ஒட்டாதீர்கள். பின்பக்கம் பேனாவில் எழுதாதீர்கள்; மென்மையான பென்சில் போதும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி வரும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும். பழுப்பேறிய படத்தைக் கழுவிப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் அனுப்பும் முன்

பின்பக்கப் படம், விளிம்புகளின் நெருக்கமான படம், அளவு, பிரதி போட்ட ஆண்டு, எங்கிருந்து வந்தது என்ற விவரம், திரும்பப் பெறும் நிபந்தனை ஆகிய ஆறையும் எழுத்தில் கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள். "இன்னொருவர் கேட்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு போலியை வாங்கிவிட்டீர்களா? தயவுசெய்து அதை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். பின்பக்கம் பென்சிலில் "பிற்காலப் பிரதி" என்றோ "கையெழுத்து போலி" என்றோ தெளிவாக எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அதை விற்றாலும் உண்மை கூடவே போக வேண்டும். போலி ஒன்று கை மாறும் ஒவ்வொரு தடவையும் அதன் பொய்க்கதை இன்னும் கெட்டியாகிறது. கடைசியில் புத்தகத்தில் அச்சேறி, வரலாறாகவே நின்றுவிடுகிறது. மன்யானியும் மசீனாவும் விட்டியும் தங்கள் முகத்தில் கொண்டுவந்த உண்மைக்காகத்தான் அந்தப் படங்களைத் தேடுகிறோம். அந்த முகங்களின் பேரில் ஒரு பொய் உங்கள் கை வழியாக அடுத்தவரிடம் போக விடாதீர்கள்.